பல் டொக்டரின் காது

வாயைத் திறந்து வைத்திருக்கிற மனிதனிடம் அவனுடைய குறைகளை எடுத்துச் சொல்வதைப் போன்ற அநியாயம் வேறில்லை. எங்கள் பல் டொக்டர் அதை எனக்குப் பல தடவை செய்திருக்கிறார். நான் கதிரையில் சாய்ந்து, ஊசி போட்டு உதடு மரத்து, கன்னத்துக்குள் பஞ்சு அடைபட்டுக் கிடக்கும்போதுதான் அவருக்கு என் வீட்டுப் பாட்டு அம்பிளிபயரின் ஞாபகம் வரும்.

“மாஸ்டர், நேற்று உங்கடை வீட்டடியாலை நடந்து போகேக்கை கேட்டனான். பாட்டுக்குக் கீழை ஒரு இரைச்சல் கிடக்கு. இன்னும் கொஞ்சம் திறவுங்கோ, வாயைத்தான். வால்வைச் சூடாக்கிற வயர் ரெண்டையும் நீங்கள் முறுக்காமல் விட்டிருக்கிறியள். முறுக்கினால் பாதி இரைச்சல் போகும். நோகுதோ?”

முறுக்கித்தான் இருந்தேன். அதைச் சொல்ல வழியில்லாமல் “ஆ, ஆ” என்றேன். வீட்டுக்கு வந்து பெட்டியைக் கழற்றிப் பார்த்தால், ஒரு விரல் நீளத்துக்கு முறுக்கு விட்டுப்போயிருந்தது. தெருவில் நடந்துபோன மனிதருக்கு அது எப்படிக் கேட்டது? பல் பிடுங்கிய இடத்தை விட அதுதான் எனக்கு அன்றைக்கு வலித்தது.

அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது பொறாமை. மரியாதை, பாசம் எல்லாம் அதற்குப் பின்னால்தான் வரிசையில் நிற்கின்றன. கண்டியில் அந்த நாட்களில் பழைய வால்வு அம்பிளிபயர்களைப் பொழுதுபோக்குக்காகத் திருத்துகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். டிரான்சிஸ்டர் வந்து எல்லாரும் வால்வு என்கிற அந்தக் கண்ணாடிக் குமிழ்களைக் குப்பையில் போட்ட பிறகு, குப்பைக்குப் பின்னால் போன இரண்டு பைத்தியங்கள். ஊரில் இரண்டே பேர் செய்கிற ஒரு காரியத்தில் இரண்டாவதாக இருப்பது எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். முன்னர் வேறொரு ஊரில் பல் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழருக்கு எதிரான கலவரத்தில் வீட்டையும் வைத்தியக் கதிரையையும் எரித்துவிட்டார்கள். மனைவியோடு கண்டிக்கு வந்து, ஹந்தானைக்குப் போகிற ஏற்றத்தில், எங்கள் வீட்டுக்கு மேலே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார். எரிந்ததைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசியதில்லை. ஒரு தடவை மட்டும் நான் ஒரு வால்வைக் கொண்டுபோய்க் காட்டியபோது, அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, “இதிலை ஒரு பெட்டி நிறைய வச்சிருந்தனான், மாஸ்டர்” என்றார். பிறகு வேறு கதைக்குப் போய்விட்டார்.

நான் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். படித்து, கண்டியில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். என் அப்பா துரை பங்களாவில் கோக்கி, அதாவது சமையல்காரர். அந்தப் பங்களாவில் ஒரு பெரிய அம்பிளிபயர் இருந்தது. பின்னேரம் துரை ரெக்கோட் போட்டால் குசினி வரைக்கும் வரும். அப்பா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். அந்தச் சத்தத்தைத் தேடித்தான் நான் இந்தப் பைத்தியத்துக்குள்ளேயே இறங்கினேன்.

பங்களாவை மூடிச் சாமான்களை ஏலம் விட்டபோது அந்தப் பெட்டிக்காகவே பஸ் ஏறிப் போனேன். கேட்பார் யாருமில்லை. எனக்குத்தான் என்று நினைத்த நேரத்தில் பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்தது. நான் உயர்த்தினேன், அதுவும் உயர்ந்தது. ஆசிரியர் சம்பளத்தில் உயர்த்தக்கூடிய அளவுக்கு உயர்த்திவிட்டு நான் கையைக் கீழே போட்டேன். திரும்பிப் பார்த்தால், ஒரு கை காற்சட்டைப் பைக்குள்ளும் மற்றக் கை ஆகாயத்திலுமாகப் பல் டொக்டர் நின்றார்.

“உங்களுக்கும் உதிலை விருப்பமோ? முதலே சொல்லியிருக்கலாமே, மாஸ்டர்! எப்பவெண்டாலும் வீட்டை வந்து பாருங்கோ” என்றார்.

பார்க்கத்தான் சொன்னார். அதற்குப் பிறகு வந்த வருடங்களில் ஒரு நாளும் என்னை அதைத் தொடவிடவில்லை. நான் விரலை நீட்டினால் போதும், “கவனம், கவனம்” என்று என் கையை விலக்கிவிடுவார். என் அப்பா தினமும் தூசி தட்டிய பெட்டி அது!

அந்தக் காற்சட்டைப் பைக்குள் இருந்த கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வால்வுப் பெட்டிக்குள் ஓடுகிற மின்சாரம் ஆளைக் கொல்லக்கூடியது. ஒரு கையால் ஏறி மறு கையால் இறங்கினால் நடுவில் இருப்பது நெஞ்சு. அதனால், பெட்டியில் கரண்ட் இருக்கும்போது வலது கையால் மட்டும் வேலை செய்ய வேண்டும், இடது கை காற்சட்டைப் பைக்குள் இருக்க வேண்டும் என்பது இந்த வேலையின் சட்டம். நானும் செய்வேன். ஆனால் அவருக்கு அது உடம்போடு ஒட்டிவிட்டது. மார்க்கெட்டில் கத்தரிக்காய் தெரிந்தெடுக்கும்போதும் அந்தக் கை உள்ளேதான். கோயிலில் கும்பிடும்போதும் செத்த வீட்டில் மாலை போடும்போதும் மட்டும் வெளியே வரும். கதிரையில் யாராவது வாயைத் திறந்து கிடந்தாலும் வரும். அவரைப் பார்த்து நானும் அப்படி நடந்துபார்த்தேன். “என்னங்க, பையில ஓட்டையா?” என்று என் மனைவி கேட்டாள்.

அவர் வேலை செய்கிற மேசையைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். பல்லின் பின்பக்கம் பார்க்கிற சின்னக் கண்ணாடியை வைத்துப் பெட்டியின் இடுக்குகளைப் பார்ப்பார். சொத்தைப் பல்லைக் குத்திப் பார்க்கிற ஊசியால் சோல்டர் பிடித்திருக்கிறதா என்று சுரண்டிப் பார்ப்பார். நான் சைக்கிள் கம்பியை வளைத்துச் செய்து வைத்திருந்த கருவிகளை அவர் ஒரு நாளும் கேலி செய்ததில்லை. செய்திருந்தால் அவரை வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

ஆனால் கருவிகளை வாங்கிவிடலாம். நான் எங்கே போனாலும் வாங்க முடியாதது அவருடைய காது. எல்லாரும் பாட்டைக் கேட்பார்கள். அவர் பாட்டைப் போடாமல் பெட்டியை மட்டும் எரியவிட்டு, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் குனிந்து நிற்பார். எங்களுக்கு ஒன்றுமே கேட்காத இடத்தில் அவருக்கு ஓர் ஊரே கேட்கும். “உது கொண்டென்சர்” என்பார். “உது டிரான்ஸ்போமர், இன்னும் ஒரு மாசம் தாங்கும்” என்பார். பங்களாப் பெட்டியை அவர் திருத்தி முடித்த நாளில் எங்கள் வீட்டுக்கே பாட்டு வந்தது. என் மனைவி வாசலுக்குப் போய் நின்று கேட்டாள். அடுத்த நாள் நான் ஏறிப் போனபோது அவர் பெட்டியை மறுபடி கவிழ்த்து வைத்திருந்தார்.

“இன்னும் சரிவரேல்லை, மாஸ்டர். ஒரு சின்ன இரைச்சல்.”

“எனக்கு ஒன்னும் கேக்கலையே, டொக்டர்.”

“உங்களுக்குக் கேக்காது” என்றார். இதைச் சொல்லும்போது அவரிடம் கொஞ்சம்கூடத் திமிர் இல்லை. மழை பெய்கிறது என்று சொல்வது போலத்தான் சொன்னார்.

நல்லாயிருக்கு என்ற சொல் அவர் வாயில் வராது. பெட்டிக்கு மட்டுமல்ல, எதற்கும் வராது. அவருடைய மனைவி ஒரு தடவை எனக்குக் கோப்பி தந்துகொண்டே சொன்னார்: “எங்கடை கலியாணத்தண்டு தாலி கட்டேக்கை நாதஸ்வரக்காரற்றை சுருதி பிழையெண்டு திரும்பிப் பாத்தவர். எனக்கு ஒரு நாள் நல்லாயிருக்கெண்டு சொல்லுவாரெண்டு நானும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்.”

நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. நான் திருத்திய ஒரே ஒரு பெட்டியைக் கேட்டுவிட்டு அவர் நல்லாயிருக்கு என்று சொல்ல வேண்டும். ஊர் சொல்வது எனக்குப் பெரிதில்லை. மனைவி சொல்வாள், பாடசாலையில் சொல்வார்கள், அவர்களுக்கு என்ன தெரியும்? அதற்காக மாதக்கணக்கில் ஒரு பெட்டியைச் செய்து, அவரை வீட்டுக்குக் கூப்பிட்டேன். மனைவி பயிற்றம் பணியாரம் செய்தாள். அவர் ஒன்றைத் தின்றுகொண்டே கண்ணை மூடிக் கேட்டார். என் நெஞ்சு அடித்த அடி ஸ்பீக்கரிலேயே கேட்டிருக்கும்.

“முந்தியை விடக் குறைஞ்சிருக்கு” என்றார். இரைச்சலைத்தான் சொன்னார்.

அவர் போன பிறகு என் மனைவி, “என்னா காதுங்க அது! சுத்திப் போடணும். யாரு கண்ணும் பட்டுறக் கூடாது” என்றாள். ஊரில் வேறு யார் கண் படப்போகிறது என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன்.

கோயில் திருவிழாவில் நடந்ததைச் சொன்னால் என் எரிச்சல் இன்னும் விளங்கும். ஒலிபெருக்கிக்காரர் என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். நான்தான் அவருடைய பழைய அம்பிளிபயருக்கு ஆலோசகர். காலையிலிருந்து நாதஸ்வரம் கணீரென்று போய்க்கொண்டிருந்தது. டொக்டர் திருநீறு பூசிக்கொண்டு கும்பிட்டபடி நின்றவர், திடீரென்று கும்பிட்ட கைகளோடு எங்களிடம் வந்தார்.

“தம்பி, உதைக் கொஞ்சம் நிப்பாட்டும். புகையப்போகுது.”

ஒலிபெருக்கிக்காரர் என்னைப் பார்த்தார். “ஒன்னும் இல்ல, ஓடட்டும்” என்றேன். தீபாராதனைக்கு மணி அடிக்கும்போது பெட்டியிலிருந்து சாம்பிராணியை விடப் பெரிதாகப் புகை வந்தது. சனம் முழுவதும் டொக்டரைப் பார்த்த பார்வையைப் பார்க்க வேண்டுமே! அம்மன் இறங்கிவந்து அவர் காதில் சொல்லிவிட்டுப் போனது போல இருந்தது. அவரோ இடது கையைப் பைக்குள் விட்டபடி, “வயர் எரியிற மணம் நல்லதில்லை, பிள்ளையளைத் தள்ளி நிக்கச் சொல்லுங்கோ” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இனிச் சொல்லப்போவது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையைப் பற்றி. கொழும்பில் குண்டு வெடித்தால் கண்டியில் தமிழர் வீட்டுக் கதவைத் தட்டுகிற காலம். முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஆமிக்காரர்கள் சிலர், பொலிஸ்காரர்கள் சிலர். எல்லாம் வேறு இடங்களிலிருந்து புதிதாக வந்த முகங்கள். அலுமாரியைக் கொட்டினார்கள், மெத்தையைப் புரட்டினார்கள். ஒருவன் என் அம்பிளிபயருக்கு முன்னால் நின்று இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். அவன் முழுவதையும் கேட்கவில்லை. பெட்டியைச் சப்பாத்துக் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பழைய ரேடியோ என்று மற்றவனிடம் சொல்லிக்கொண்டு போய்விட்டான்.

பிறகு மேலே ஏறினார்கள். டொக்டர் பங்களாப் பெட்டியைத் திறந்து, கரண்டில் வைத்து, ஒரு கையால் வேலை செய்துகொண்டிருந்தாராம். துவக்கை நீட்டியபடி உள்ளே வந்தவர்கள் கையை வெளியே எடு என்று கத்தியிருக்கிறார்கள். யாராக இருந்தாலும் எடுத்திருப்பார்கள். இவருக்கு வலது கை பெட்டிக்குள் இருந்தது. பெட்டியில் கரண்ட் இருந்தது. அந்த நேரத்தில் இடது கை வெளியே வரக்கூடாது என்பது அவர் எலும்பில் ஏறிய பாடம். கரண்டை நிறுத்திவிட்டுத்தான் எடுப்பேன் என்று சொல்லப் பார்த்திருக்கிறார். அதற்குள் பைக்குள் என்ன இருக்கிறதோ என்று பயந்த ஒருவன் அவரை இழுத்து, இரண்டு கன்னத்திலும் மாறி மாறி அறைந்திருக்கிறான். பைக்குள் ஒரு கைக்குட்டை இருந்தது. அதிலேயே வால்வுகளைக் கழற்றி முடிந்து, பெட்டியையும் அவரையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தகவல் அனுப்புகிற கருவியாம்.

அவருடைய மனைவி எங்கள் வாசலில் வந்து நின்று இவ்வளவையும் சொன்னபோது எனக்குப் பயம்தான் வந்திருக்க வேண்டும். வந்ததுதான். ஆனால் அந்தப் பயத்துக்குள்ளும் ஒரு முள் குத்தியது. என் பெட்டி பழைய ரேடியோ. அவருடையது நாட்டுக்கே ஆபத்தான கருவி. அங்கேயும் அவர்தான் முதலாவது.

“மாஸ்டர், நீங்கள்தான் வரவேணும். உது என்னண்டு உங்களைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. மத்தியானம் லொறி கொழும்புக்குப் போகுதாம். ஏத்திவிட்டாங்களெண்டால் நான் அவரை எங்கை போய்த் தேடுறது?”

“போகாதீங்க. தெரிஞ்ச ஆளுன்னு உங்களையும் சேத்துப் புடிச்சு வச்சுக்குவாங்க” என்று என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவளே ஸ்பீக்கரையும் சோல்டர் வைக்கிற சாமான்களையும் துணியில் சுற்றித் தந்தாள்.

நகரத்துக்கு வெளியே ஒரு பழைய வீட்டில் தற்காலிகமாக முகாம் போட்டிருந்தார்கள். டொக்டரின் மனைவியும் நானுமாகப் போனோம். பொறுப்பதிகாரி என்னை விட இளையவர். நான் சிங்களத்தில், இது பாட்டைப் பெரிதாக்குகிற பெட்டி, சத்தம் வெளியே வரும், தகவல் ஒன்றும் போகாது என்றேன். அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. “பாடட்டும், பார்ப்போம். பாடாவிட்டால் லொறியில் நீங்களும் ஏறலாம்” என்றார்.

விறாந்தை மேசையில் அது மல்லாந்து கிடந்தது. இவ்வளவு வருடமாக அவர் என்னைத் தொடவிடாத பெட்டி. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த இடத்திலும் எனக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. குனிந்து உள்ளே பார்த்தேன். சோல்டர் வைத்த இடங்களெல்லாம் நன்றாக அடைத்த பல்லைப் போல வழவழவென்றிருந்தன. என்னால் இப்படிச் செய்ய முடியாது என்று தெரிந்தது. தூக்கிவந்த அவசரத்தில் எர்த் வயர் ஒன்று அறுந்து தொங்கியது. அதை அவர் எங்கே பொருத்தியிருந்தார் என்று தேடிக் கண்டுபிடிக்க நேரமில்லை. எனக்குச் சரியென்று பட்ட இடத்தில் பற்றவைத்தேன். கைக்குட்டையை அவிழ்த்து வால்வுகளை ஒவ்வொன்றாகப் பொருத்தினேன். கொண்டுவந்த ஸ்பீக்கரைப் பெட்டியோடு இணைத்தேன். காவலில் நின்ற பொலிஸ்காரனின் சின்ன ரேடியோவை வாங்கி அதிலிருந்து வயர் எடுத்தேன்.

கரண்டை நேரே கொடுக்கப் பயமாக இருந்தது. நடுவில் ஒரு பல்பை வைத்துக் கொடுத்தேன். உள்ளே எங்காவது பிழை இருந்தால் பல்பு முழுதாக எரிந்துகொண்டே இருக்கும். பிழை இல்லையென்றால் பளிச்சென்று எரிந்து மங்கிவிடும். இடது கையைப் பைக்குள் விடுகிற துணிவு எனக்கு அங்கே இல்லை. எங்கே வைப்பது என்று தெரியாமல் தலையில் வைத்துக்கொண்டேன். சுவிட்சைப் போட்டேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. எரிந்துகொண்டே நின்றது. லொறிக்காரன் முற்றத்தில் எஞ்சினைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் கொஞ்சமாகப் பல்பு மங்கியது. வால்வுகளுக்குள் செம்மஞ்சள் ஏறியது.

சிங்களத்தில் கிரிக்கெட் வர்ணனை வந்தது. முகாம் முழுவதும் கேட்கிற மாதிரி வந்தது. சமையலறையிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். துவக்கை மடியில் வைத்திருந்தவன் எழுந்து பக்கத்தில் வந்தான். யாரோ பவுண்டரி அடித்தான், எல்லாரும் கத்தினார்கள். ஆனால் வர்ணனைக்குக் கீழே பெரிதாக ஓர் இரைச்சல் இருந்தது. எர்த்தை நான் கொடுத்த இடம் பிழை. மேசையே அதிர்ந்தது.

“அது என்ன, வண்டு கத்துகிற மாதிரி?” என்று அதிகாரி கேட்டார்.

“ஒரு வயர் சரியில்ல, சேர். வேற ஒன்னுமில்ல.”

“பரவாயில்லை” என்று சொல்லிவிட்டு, உள்ளே பார்த்து அவரைக் கொண்டுவரச் சொன்னார்.

அவர் வருகிற அந்தச் சின்ன நேரத்தில் நான் என் விளக்கங்களைத் தயார் செய்தேன். நேரமில்லை, வயர் அறுந்திருந்தது, முற்றத்தில் லொறி நின்றது. என்ன சொன்னாலும் அவர் விடப்போவதில்லை. அவருடைய பெட்டியில், அவருடைய காதுக்கு முன்னால், இப்படியோர் இரைச்சல்! உயிர் தப்பிவந்த மனிதர் முதலில் இதைத்தான் சொல்வார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. சொல்லட்டும் என்றுகூட ஆசையாக இருந்தது.

இரண்டு கன்னமும் காது வரைக்கும் வீங்கியிருந்தன. சட்டைப் பொத்தான்கள் இல்லை. இரண்டு கைகளும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. அவருடைய மனைவி ஓடிப்போய்க் கையைப் பிடித்தார். அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வந்து, வழக்கம்போலக் குனிந்து நின்றார். வெகு நேரம் நின்றார்.

“நல்லாயிருக்கு, மாஸ்டர்” என்றார்.

எத்தனை வருடம் காத்திருந்த சொல். முதலில் உடம்பெல்லாம் குளிர்ந்துபோயிற்று. அடுத்த மூச்சிலேயே அந்த இரைச்சல் மறுபடி கேட்டது. அதிகாரிக்குக் கேட்ட சத்தம், முற்றத்து லொறிக்காரனுக்கும் கேட்டிருக்கக்கூடிய சத்தம், அவருக்கு ஒரு முழத் தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

“இல்லீங்க, டொக்டர். இரையுது” என்றேன். அவர் என் வாயையே பார்த்தார். இன்னும் பலமாகச் சொன்னேன்.

அவர் தலையைத் திருப்பி ஒரு காதை ஸ்பீக்கரிடம் கொடுத்தார். பிறகு மற்றக் காதைக் கொடுத்தார். பிறகு நிமிர்ந்து, பாடம் விளங்காத பிள்ளை கேட்பது போல என்னைக் கேட்டார்:

“இரையுதோ?”